தேடுதல் நாய் தடுமாறினால் எங்கே பார்ப்பது? அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

கடலூரிலும் புதுச்சேரியிலும், காணாமல் போனவர்களை வாசனை பிடித்துத் தேடும் நாய்களைப் பழக்குபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். ஆனாலும் ஆளுக்கொரு கட்சி. பந்து கொடுத்துத்தான் பழக்க வேண்டும் என்பார் ஒருவர். தீனிதான் என்பார் இன்னொருவர். பழைய மோப்ப நாய்ப் பிரிவு வழியில் வந்தவரோ, கயிற்றைச் சுண்டாமல் எந்த நாயும் படியாது என்று அடித்துச் சொல்வார். மூவரிடமும் நல்ல நாய் உண்டு. மூவரின் நாயும் ஏதோ ஒரு கட்டத்தில் முரண்டு பிடிப்பதும் உண்டு. அப்போது மூவரும் செய்வது ஒன்றேதான்: ஏற்கெனவே செய்ததை இன்னும் அழுத்திச் செய்வது.

இந்தக் குறிப்புகள் அந்த நேரத்துக்கானவை. நாய் காட்டும் அறிகுறியை முதலில் பார்ப்போம். அதற்குப் பொருந்தும் கருவி யார் பையில் இருந்தாலும் வாங்கிக்கொள்வோம். 2004 சுனாமி, 2011 தானே புயல், 2024 ஃபெஞ்சல் என்று அடி வாங்கிய கரை இது. இங்கே நாய் தேட வேண்டியதும் சவுக்குத் தோப்பு, முந்திரிக்காடு, மீன்பிடித் துறை, முகத்துவாரச் சேறு என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இடங்களில். ஒரே முறை எல்லாவற்றுக்கும் செல்லுபடியாகும் என்று எதிர்பார்ப்பதே கொஞ்சம் அதிகம்.

முறையைக் குறை சொல்லும் முன்

நேற்று வரை நன்றாகத் தேடிய நாய் திடீரென்று மந்தமானால் பயிற்சியில் கை வைக்காதீர்கள். கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நம் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சல் சர்வசாதாரணம். ஈறு வெளுத்திருக்கிறதா, தீனியில் நாட்டமில்லையா, மூக்கில் ரத்தம் கசிகிறதா என்று பார்த்து, ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுவது நல்லது.

மருந்தும் மூக்கைப் பாதிக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோலை எடுத்துக்கொள்ளுங்கள். வெடிபொருள் மோப்ப நாய்கள் 18-ஐ வைத்து அமெரிக்காவில் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், பாதி நாய்களுக்கு அந்த மருந்தால் மோப்பத் திறன் குறைந்தது. உண்ணிக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளினில் அப்படிக் குறிப்பிடும்படியான பாதிப்பு இல்லை. இதற்காக மருத்துவர் எழுதிக் கொடுத்ததை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். மாத்திரை ஓடும் நாட்களில் நாய் செய்யும் தவறுகளைக் கணக்கில் எடுக்காமல், முடிந்தபின் ஒன்றிரண்டு வாரம் கழித்துச் சோதித்துப் பாருங்கள்.

உடம்பு சரியாக இருக்கிறது என்றால் அடுத்து அறிகுறிக்கு வரலாம்.

ஆளே இல்லாத இடத்தில் நின்று குரைக்கிறது

ஆளைக் கண்டால் குரைத்துச் சொல்லப் பழக்கிய நாய்களில் அதிகம் கேட்கும் புகார் இதுதான். அதிகம் தப்பாகக் கையாளப்படுவதும் இதுதான்.

முதலில் நாயை விட்டுவிட்டு, கூட நடப்பவரைப் பாருங்கள். பயிற்சிக்காக ஒளிந்திருக்கும் ஆள் எந்த முந்திரி மரத்தடியில் இருக்கிறார் என்று அவருக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். மரத்தை நெருங்கும்போது அவர் நடை தானாகவே தளரும். தோள் அந்தப் பக்கம் திரும்பும். கை பந்து இருக்கும் பையை நோக்கிப் போகும். நாய் ஒரு கணம் திரும்பிப் பார்க்கும், அந்தக் கையைப் பார்க்கும், உட்கார்ந்து குரைக்கும். பந்து கிடைத்துவிடும். இப்படியே சில வாரம் போனால், நாய் படித்திருப்பது மனித வாசனையை அல்ல, அவருடைய முழங்கையை.

இது புதுக் கதையும் இல்லை. கணக்குப் போடும் குதிரை என்று பெர்லினில் பெயர் வாங்கிய ஹான்ஸ், கேள்வி கேட்பவரின் உடலசைவைப் பார்த்துத்தான் குளம்பைத் தட்டியது என்று 1907-ல் ஆஸ்கர் ஃபங்ஸ்ட் காட்டினார். 2011-ல் வெளியான ஓர் ஆய்வுக்காகக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 18 நாய்-கையாளுநர் ஜோடிகளை வைத்துச் சோதித்தார்கள். தேடும் பொருள் எங்கேயும் வைக்கப்படவில்லை. ஆனால் சிவப்புத் தாள் ஒட்டிய இடத்தில் வாசனை இருக்கிறது என்று கையாளுநர்களிடம் சொல்லி வைத்தார்கள். ஏராளமான பொய் அலர்ட் வந்தது (கண்டுவிட்டேன் என்று நாய் தரும் சைகைதான் அலர்ட்). தாள் ஒட்டிய இடங்களில் இன்னும் அதிகமாக வந்தது. அந்த ஆய்வு நடத்தப்பட்ட விதத்தைக் குறை சொல்லும் கையாளுநர்களும் இருக்கிறார்கள். இருக்கட்டும். நம் திடலில் நாமே செய்து பார்க்க முடிந்த சோதனைதானே?

செய்யும் விதம் இது. ஒளிந்தவர் எங்கே என்று கையாளுநருக்குத் தெரியக் கூடாது. தெரிந்த ஆள் திடலிலேயே நிற்கக் கூடாது. சில சுற்றுகளில் யாரையுமே ஒளித்து வைக்காதீர்கள். அதையும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். கையாளுநரை பத்துப் பதினைந்து அடி பின்னால் வரச் சொல்லி, எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடியுங்கள்.

கையாளுநர் பின்தங்கியதும் பொய்க் குரைப்பு குறைந்தால், கோளாறு மனிதரிடம். குறையவில்லை என்றால், நேற்று அதே இடத்தில் யாராவது உட்கார்ந்திருந்தார்களா என்று விசாரியுங்கள். அப்படியும் இல்லை, நாய்க்குப் பந்து மேல் இருக்கும் வெறியால் அவசரப்பட்டுக் குரைக்கிறது என்று பட்டால், இங்கேதான் கட்சி மாற வேண்டியிருக்கும். பந்துக்காரர்கள் கொஞ்ச நாள் தீனிக்கு மாறிப் பாருங்கள். பல நாய்களுக்குத் தீனி வேகத்தைத் தணித்து மூக்கை முன்னே கொண்டுவரும். தீனிக்காரர்களின் நாய் சோம்பித் திரிந்தால் பந்தைக் கடன் வாங்குங்கள்.

பொய்க் குரைப்புக்குக் கயிற்றைச் சுண்டலாமா? என் கணிப்பில் வேண்டாம். தப்பான இடத்தில் குரைத்ததற்குத்தான் அடி என்று நாய் பிரித்துப் பார்ப்பது அரிது. குரைத்ததற்கே அடி என்று எடுத்துக்கொள்ளும். பிறகு நிஜ ஆளைக் கண்டாலும் வாயைத் திறக்காது. பரிசு தராமல், முகத்தில் எதையும் காட்டாமல், நடந்துகொண்டே போய்விடுங்கள். போதும்.

கண்டுபிடிக்கிறது, ஆனால் சொல்வதில்லை

ஒளிந்தவர் அருகே போய் மோந்து பார்த்து, வாலை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்துவிடும். கேட்டால் "இது மந்தம், தள்ளு" என்பார்கள். அவசரப்படாதீர்கள்.

எல்லா நாயும் குரைக்கும் சாதி அல்ல. சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களில் வேலை நேரத்தில் வாயே திறக்காதவை நிறைய. லேப்ரடாருக்கு எழுதிய பாடத்தை அப்படியே அவற்றின் மேல் ஏற்றினால் இரண்டு தரப்புக்கும் ஆயாசம்தான் மிச்சம். குரைப்பதுதான் அலர்ட் என்று சட்டமா என்ன? கண்டதும் ஓடிவந்து உங்கள் காலை முட்டி, பிறகு அழைத்துக்கொண்டு திரும்பிப் போகும் வழி இருக்கிறது. கழுத்துப்பட்டையில் தொங்கும் சிறு குச்சியை, ஆளைக் கண்டால் மட்டும் வாயில் கவ்விக்கொண்டு வரும் வழியும் இருக்கிறது, ப்ரிங்செல் என்பார்கள். முதல் உலகப்போரில் காயம்பட்ட சிப்பாய்களைத் தேடிய ஜெர்மன் நாய்களிடமிருந்து வந்த பழக்கம் அது. நூறு வருடம் தாண்டியும் ஐரோப்பாவில் புழக்கத்தில் இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு: அசையாமல் கிடக்கும் மனிதரைப் பார்த்து நாய் பயப்படுவது. பயிற்சியில் ஒளிபவர்கள் பெரும்பாலும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள். தார்ப்பாய்க்கு அடியில் குப்புறக் கிடக்கும் கிழவரை அந்த நாய் பார்த்ததே இல்லை. ஒளிபவர்களை மாற்றுங்கள்: பெண்கள், வயதானவர்கள், லுங்கி கட்டியவர், மழைக்கோட்டு போட்டவர், முனகுபவர், மூச்சுக் காட்டாதவர். பரிசை நீங்கள் கொடுக்காமல் ஒளிந்தவர் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள்.

மூக்கைத் தரையிலிருந்து எடுப்பதே இல்லை. அல்லது தரையில் வைப்பதே இல்லை

காலடி பிடித்துப் போகும் ட்ராக்கிங்கா, காற்றில் வரும் வாசனையைப் பிடிக்கும் ஏர் சென்ட்டா? இந்தச் சண்டை உலகம் முழுக்க உண்டு. நம் ஊரில் இதற்குத் தீர்ப்புச் சொல்வது பெரும்பாலும் கடிகாரமும் மண்ணும்தான்.

விடியற்காலையில் கேப்பர் மலைச் செம்மண்ணில் பனி இறங்கியிருக்கும். மிதிபட்ட புல்லின் வாசனையும் மனிதர் உடலிலிருந்து உதிர்ந்த தோல் துகள்களும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அப்போது மூக்கைத் தரையில் வைக்கும் நாய் புத்திசாலி. அதே நாயைப் பிற்பகலில் தேவனாம்பட்டினம் மணலில் இறக்கிப் பாருங்கள். மணல் கொதிக்கும், காலடியில் ஒன்றும் மிஞ்சியிருக்காது, ஆனால் கடற்காற்று எங்கிருந்தோ ஆள் வாசனையைத் தூக்கிக்கொண்டு வரும். தலையைத் தூக்கும் நாய்தான் அங்கே ஜெயிக்கும். காலையில் நிலத்திலிருந்து கடலுக்கும், வெயில் ஏறியபின் கடலிலிருந்து நிலத்துக்கும் காற்று மாறுகிற கரை இது. ஐப்பசி, கார்த்திகையில் வாடை வந்துவிட்டால் அந்தக் கணக்கும் மாறிவிடும்.

ஆகவே நாய் தடம் மாறுகிறது என்று நோட்டில் எழுதும் முன், நேரம், காற்றின் திசை, தரையின் ஈரம் மூன்றையும் எழுதுங்கள். முகப்பவுடர் டப்பா ஒன்று சட்டைப்பையில் இருந்தால் காற்றின் திசை பார்க்க அதுவே போதும், தட்டினால் தூள் போகும் பக்கம் தெரிந்துவிடும். திடலில் பேச்சு இப்படிப் போகும்:

"தம்பி, தட்டு பாப்போம்."

"கெழக்கேர்ந்து வருதுண்ணே. ஆனா மரத்துக்குக் கீழ போனா சுத்திக்கிட்டு நிக்குது."

முந்திரிக்காட்டின் முழுப் பிரச்சினையும் அந்த இரண்டாவது வாக்கியத்தில் இருக்கிறது. கிளைகள் தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்திருப்பதால் உள்ளே காற்று அசையாது. வாசனை குட்டையாகத் தேங்கிவிடும். ஆள் இருபது அடி தள்ளி இருப்பார், நாய் தேங்கிய இடத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். அது தவறல்ல. நாயை வெளியே அழைத்து, காற்று வரும் திசைக்குக் குறுக்காக மறுபடி விடுங்கள். சவுக்குத் தோப்பு வேறு மாதிரி. மரங்கள் வரிசையாக நிற்பதால் காற்று சந்துக்குள் போவது போல வரிசை வழியே ஓடும். உச்சி வெயிலில் திறந்த மணலில் வாசனை மேலே எழும்பிவிடும். தூரத்தில் பிடித்த நாய் பக்கத்தில் வந்ததும் தொலைத்துவிடுவது இதனால்தான்.

ட்ராக்கிங்கில் ஊறிய நாய் தலையைத் தூக்கினால் சிலர் கயிற்றைத் தாழ்த்திப் பிடித்து மூக்கை மண்ணில் திணிக்கிறார்கள். விளையாட்டுப் போட்டிக்கு அது சரி. அங்கே தடம் விலகினால் மதிப்பெண் போகும். காணாமல் போன ஆளைத் தேடும்போது, குறுக்கு வழியில் ஆளிடம் போய்ச் சேரும் நாயைத் தடுத்து என்ன சாதிக்கப் போகிறோம்?

பத்து நிமிடத்தில் விட்டுவிடுகிறது

முதலில் வெயில். நாய்க்கு உடல் சூட்டைத் தணிக்கும் பெரிய வழி இரைப்பதுதான். நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும் நாயால் ஒழுங்காக மோந்து பார்க்க முடியாது. நம் கரையோரப் புழுக்கத்தில் இரைத்தாலும் சூடு சீக்கிரம் இறங்காது. நாயின் இயல்பான வெப்பநிலை சுமார் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. சித்திரை, வைகாசியில் எட்டு மணிக்குள் மூட்டை கட்டிவிடுங்கள். இதில் எந்த முறைக்கும் வேலை இல்லை.

வெயில் இல்லாத நாளிலும் விட்டுவிடுகிறது என்றால், அதற்குக் கடைசியாக எப்போது ஆள் கிடைத்தார் என்று கேளுங்கள். தேடித் தேடி ஒன்றும் கிடைக்காத நாய்க்குச் சலிப்பு வரும். 2001-ல் நியூயார்க்கில் இரட்டைக் கோபுர இடிபாட்டில் உயிரோடு யாரும் அகப்படாமல் நாய்கள் சோர்ந்தபோது, மீட்புப் பணியாளர்களே ஒளிந்துகொண்டு நாயைக் கண்டுபிடிக்க விட்டார்கள். கண்டிப்புக் கட்சிக்காரர்கள் இதைச் செல்லம் கொடுப்பது என்பார்கள். கண்டிப்பால் நடக்க வைக்கலாம். ஆர்வத்தோடு தேட வைக்க முடியுமா என்பது சந்தேகம்தான்.

கருவாட்டைக் கண்டால் வேலை மறந்துபோகிறது

கடலூர் முதுநகர்த் துறைமுகப் பக்கம் போனால் இது நடந்தே தீரும். காயப்போட்ட நெத்திலிக்கு நடுவே கையில் உலர்ந்த பிஸ்கட்டோடு நின்றுகொண்டு விசுவாசம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. தூரத்தைக் கூட்டுங்கள். கருவாட்டு வாடை லேசாக வரும் இடத்தில் தொடங்கி, ஒளிந்தவரிடம் அதைவிட நல்ல பரிசைக் கொடுத்து வைத்து, போகப் போக நெருங்குங்கள். நீளக்கயிறு இருக்கட்டும், ஓடிப்போய் ஒரு மீனைக் கவ்விவிட்டால் அதுவே பரிசாகிவிடும், அப்புறம் திருத்துவது கஷ்டம். இங்கே கயிற்றுக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது: தடுக்க வேண்டியதைத் தடுத்துத்தான் ஆக வேண்டும். தடுப்பதற்கும் வலிக்க வைப்பதற்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறது

வால் தாழ்ந்து, காது பின்னே போய், இரண்டு அடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்கிறது என்றால், இனி என்ன திட்டு விழுமோ என்று காத்திருக்கிறது. தேடுதல் நாய் உங்களைவிட்டு விலகிப் போய்த் தானாக முடிவெடுக்க வேண்டிய நாய். அனுமதி கேட்டுக்கொண்டே இருந்தால் பிழைப்பு நடக்காது.

1910-ல் ஜெர்மனியில் கொன்ராட் மோஸ்ட் எழுதிய காலத்திலிருந்து கண்டிப்பு வழி போலீஸ், ராணுவ நாய்களோடு சேர்ந்தே வந்திருக்கிறது. அதில் பழகிய நல்ல நாய்கள் எத்தனையோ. அதை மறுக்கவில்லை. ஆனால் போர்ச்சுகலில் 92 வளர்ப்பு நாய்களை வைத்துச் செய்து 2020-ல் வெளியான ஆய்வில், கண்டிப்பு வழிப் பள்ளிகளில் பயின்றவை பயிற்சியின்போது அதிக மன அழுத்தம் காட்டின. மின் அதிர்ச்சி கழுத்துப்பட்டையை வேல்ஸ் 2010-லேயே தடை செய்துவிட்டது. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் அந்தப் பட்டையைத் தேடுதல் நாய்க்கு மாட்டுவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. எல்லா முறைக்கும் காது கொடுக்கலாம் என்பதற்காக எல்லாவற்றையும் நாயின் கழுத்தில் கட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது: கட்டளைகளைக் குறையுங்கள். நாயை விட்டபின் வாயை மூடிக்கொள்ளுங்கள். கண்ணுக்கு எதிரேயே ஆள் ஓடி ஒளியும் சுலபமான சுற்றுகளுக்குத் திரும்புங்கள். பழைய பாடத்துக்குத் திரும்புவதைக் கௌரவப் பிரச்சினையாக்குபவர்களிடம் இந்த நாயைக் கொடுத்துவிடாதீர்கள்.

முறை மாற்றுவதாக முடிவெடுத்தால் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பரிசு, இடம், கயிறு, ஒளிபவர் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று சிவனுக்கே தெரியாது. மாற்றும் முன்பும் ஒரு மாதம் கழித்தும், யாருக்கும் இடம் தெரியாத அதே வகைச் சுற்றுகளை வைத்துப் பாருங்கள். புதிதாக ஒரு முறையைச் சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் வாதத்துக்குப் போக வேண்டாம். நாயைக் கொண்டுவரச் சொல்லி, அவருக்குத் தெரியாத இடத்தில் ஆளை ஒளித்து வையுங்கள். கண்டுபிடித்தால் டீ வாங்கிக் கொடுத்து எப்படி என்று கேளுங்கள்.

உயிருள்ளவரைத் தேடும்போது சடலத்தின் வாசனையில் நின்றுவிடுகிறது

இரண்டையும் ஒரே நாய்க்குக் கற்றுக்கொடுத்திருந்தால் இது வரும். 2006-ல் வெளியான ஒரு ஆய்வில், இரண்டும் கற்ற நாய்கள், உயிருள்ளவரை மட்டும் தேடக் கற்ற நாய்களைவிடச் சடல வாசனை இருந்த இடத்தில் அதிகம் தடுமாறின. 2023 துருக்கி நிலநடுக்கத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் ரோமியோவும் ஜூலியும் ஆறு வயதுச் சிறுமி உயிரோடு இருந்த இடத்தைக் காட்டின. 2024 வயநாடு நிலச்சரிவில் கேரளக் காவல்துறையின் மாயாவும் மர்ஃபியும் உடல்களைத் தேடின. இரண்டும் வேறு வேறு வேலை. ஆள் பற்றாக்குறையால் ஒரே நாயிடம் இரண்டையும் கேட்பவர்கள் உண்டு. தனித்தனிக் கட்டளையும் தனித்தனி அலர்ட்டும் வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். இரண்டு நாய் வைத்துக்கொள்ள வசதி இருந்தால் அதுவே மேல்.

தண்ணீரில் காட்டும் இடம் தவறுகிறது

படகில் இருந்து தேடும் நாய், மூழ்கிய உடல் கிடக்கும் இடத்தைக் காட்டுவதில்லை. அங்கிருந்து எழும் வாசனை நீர்மட்டத்தை அடையும் இடத்தைக் காட்டுகிறது. ஓடும் தண்ணீரில் அது உடல் கிடக்கும் இடத்துக்குக் கீழே, நீரோட்டத்தின் போக்கில் தள்ளியிருக்கும். போதாக்குறைக்குக் காற்றும் தன் பங்குக்கு இழுக்கும். தேங்கிய ஏரியில் பழகிய நாயைக் கெடில முகத்துவாரத்துக்குக் கொண்டுவந்தால் இன்னொரு சிக்கல்: கடல் ஏறும்போது ஆறு பின்னோக்கி ஓடும். காலையில் பாலத்துக்குக் கிழக்கே காட்டிய நாய் மதியம் மேற்கே காட்டும். இரண்டுமே சரியாக இருக்கலாம்.

ஏற்றமும் வற்றமும் எப்போது திரும்பும் என்று துறையில் வலை சீர்செய்துகொண்டிருக்கும் பெரியவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாய் அலர்ட் கொடுத்த ஒவ்வொரு இடத்திலும் மிதவை போட்டு, நேரத்தையும் அப்போதைய நீரோட்டத் திசையையும் எழுதுங்கள். ஒரே பக்கத்திலிருந்து போகாமல் நாலு பக்கமும் இருந்து படகை ஓட்டுங்கள். முக்குளிப்பவர்களோ தீயணைப்புத் துறை நீச்சல்காரர்களோ இறங்கும்போது, மிதவைக்கு நேர் கீழே தொடங்காமல், அந்த நேரத்தில் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கமாகத் தேடத் தொடங்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் நாயை நல்ல தண்ணீரில் கழுவி, கால்விரல் இடுக்குகளில் சிப்பி கீறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.